அறியாத பாஷை பேசும் கறுப்புத் திரை



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு பதினொரு மணிக்குமேல் என் தொலைபேசி ஒலித்தது. அந்த வேளையில் ஒரு போதகனுக்கு அழைப்பு வந்தால் மருத்துவமனையோ, மரணமோ, குடும்பத்தில் கலகமோ என்றுதான் மனம் முதலில் பதறும். அழைத்தவன் திருப்பதியில் வசிக்கும் ஒரு வாலிபன். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடி அங்கே குடியேறிய ஒரு தையற்காரரின் மூத்த மகன். அந்த வீட்டில் முதன்முதலாகப் பொறியியல் படித்தவன். வேலையில் சேர்ந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. அவனுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயரும் நிறுவனமும் வேண்டாம்.

"ஐயா, ஒரு காரியம் கேட்க வேண்டும். அது தப்பா, தப்பில்லையா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றான். குரலில் அழுகை இருந்தது.

நடந்தது இதுதான். எங்கேயோ இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வருக்குள் நுழைய அவனுக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரப்பட்டிருந்தன. முந்தின நாளில் எத்தனைப் பணப்பரிமாற்றங்கள் தோல்வியடைந்தன என்பதை அங்குள்ள பதிவுக் கோப்பிலிருந்து எண்ணி, காலை ஒன்பது மணிக்குள் அறிக்கை தரவேண்டும். அதைச் சொல்லித்தர வேண்டிய மேலாளர் விடுப்பில் போய்விட்டார். உள்ளே நுழைந்தவனுக்குத் தெரிந்தவை கறுப்புத் திரையும், ஒரு டாலர் குறியும், அதன் அருகே மின்னிக்கொண்டிருந்த சிறு கோடும்தான். கல்லூரியில் படித்தபடி, ஓர் அடைவிலிருந்து மற்றோர் அடைவுக்குச் செல்லும் 'சிடி' கட்டளையைத் தட்டினான். 'ரெஸ்ட்ரிக்டெட்' என்று பதில் வந்தது. திரையைத் துடைக்கும் 'கிளியர்' கட்டளையைத் தட்டினான். அப்படி ஒன்று இல்லை என்றது. கண்டதைக் கோப்பில் சேமிக்கலாம் என்று அதற்குரிய குறியை இட்டான், அதற்கும் தடை. ஒன்பதாம் நாளிலேயே வேலை போய்விடும், தகப்பன் வாங்கிய கல்விக்கடன் தலைமேல் நிற்கிறது என்ற பயம் பிடித்துக்கொண்டது.

உடன் பணிபுரியும் ஒருவரை அழைத்திருக்கிறான். அவர் ஒரு குறுக்குவழி சொன்னார்: விஐ என்னும் தொகுப்பானைத் திற, அதற்குள் இன்னின்ன இரண்டு வரிகளை இடு, கட்டில்லாத ஷெல் கைக்கு வந்துவிடும், எல்லாரும் செய்வதுதான், யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த இரண்டு வரிகளும் அவன் கைப்பேசியில் இருந்தன. விரல் விசைப்பலகையின் மேல் இருந்தது. அந்த நிலையில்தான் என்னை அழைத்தான்.

உடனே பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை. வேதாகமக் கல்லூரிக்குச் செல்லுமுன் கணினிப் பட்டயப்படிப்பு ஒன்றில் ஓராண்டு உட்கார்ந்தவன் நான். 1990களின் தொடக்கத்தில் ஒரே யூனிக்ஸ் இயந்திரத்தில் எட்டு முனையங்களைக் கோத்து எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். அதில் பாதி மறந்துபோயிற்று. ஆகவே சென்னையில் பல ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரித்துவரும் நம் சபைச் சகோதரர் ஒருவரை எழுப்பி அதே அழைப்பில் இணைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, எதையும் தட்டாதே. முதலில் நீ எந்த ஊரில் நிற்கிறாய் என்று கண்டுபிடிப்போம்" என்றார்.

எந்த ஊர் என்று அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் பிள்ளைகள் கணினித்துறைக்குச் செல்லுகிறார்கள். அவர்கள் எதன் முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் கொஞ்சமாவது அறிந்திருப்பது நல்லது. ஆகையால் சற்று விளக்குகிறேன். லினக்ஸ் இயந்திரத்தின் உள்ளீட்டைக் கெர்னல் என்பார்கள். பருப்பு என்று பொருள். அதைச் சூழ்ந்து நின்று, நாம் தட்டும் சொற்களை வாங்கி உள்ளே கொண்டுபோகும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். ஓடு என்று பொருள். ஓடு ஒன்றே என்று எண்ணவேண்டாம். 1971இல் கென் தாம்சன் யூனிக்ஸுக்கு முதல் ஷெல்லை எழுதினார். 1979இல் பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் அதன் இடத்தைப் பிடித்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பெர்க்லியில் பில் ஜாய் 'சி ஷெல்' என்ற வேறொன்றை உருவாக்கினார். பின்பு டேவிட் கார்னின் ஷெல் வந்தது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் கனூ திட்டத்துக்காக 'பேஷ்' என்பதை வெளியிட்டார். போர்னின் ஷெல் புதிதாக எழுந்தது என்பதைக் காட்ட, ஆங்கிலத்தில் 'மறுபடியும் பிறந்த' என்று ஒலிக்கும்படி சிலேடையாக அதற்குப் பெயரிட்டார்கள். நம் வாலிபர் கூடுகையில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். பெயர் வைத்தவர்கள் வேடிக்கைக்காக வைத்தார்கள். நாம் அதற்குமேல் பொருள் ஏற்றவேண்டியதில்லை.

இந்த ஷெல்கள் உறவுமுறையில் சகோதரர்கள், பேச்சில் அயலார். தெலுங்கு நாட்டில் குடியேறிய தமிழருக்கு இதை விளக்கவேண்டியதேயில்லை. இந்த வாலிபனின் தகப்பனார் திருப்பதிக்கு வந்த முதல் மாதத்தில் ஓர் அம்மாள் இரவிக்கைத் துணி கொடுத்து, உள்துணி வைப்பதைப் பற்றி "அவசரம் லேது" என்றாராம். நிதானமாகத் தைக்கலாம் என்று சொல்லுகிறார்கள் என எண்ணி, இவர் பொறுமையாக உள்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. உள்துணி தேவையில்லை என்றுதான் அந்த அம்மாள் சொன்னது. கூலியும் கிடைக்கவில்லை, பேச்சும் கிடைத்தது. ஒரே எழுத்து, ஒரே ஒலி. எல்லை தாண்டினால் பொருள் வேறு. ஷெல்களிலும் அப்படியே. சொல்லை அச்சிடும் 'எக்கோ' கட்டளையுடன் பேஷில் ஒரு சிறு குறிப்பெழுத்தைச் சேர்த்தால் அது வரிபிரித்து அச்சிடும். 'டேஷ்' என்ற ஷெல்லில் அதையே இட்டால் அந்தக் குறிப்பெழுத்தையும் சேர்த்துத் திரையில் எழுதிவிடும். உபுண்டு 2006இல் வெளிவந்த தன் 6.10 பதிப்பில் கணினியின் பொது ஷெல்லாகப் பேஷுக்குப் பதிலாக டேஷை வைத்தபோது, அதுவரை நன்றாக ஓடிய எத்தனையோ சிறு நிரல்கள் இடறின. நியாயாதிபதிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தில் யோர்தான் துறைகளில் 'ஷிபோலேத்' என்று சொல்லத் தெரியாதவன் எந்த ஊரான் என்று வெளிப்பட்டுப்போனதை வாசித்திருக்கிறோம். ஓர் ஒலி போதுமாயிருந்தது.

ஆகவே முதற்காரியம், எதிரே இருப்பது எந்த ஷெல் என்று கேட்டறிவது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 'எக்கோ' என்று தட்டி, இடைவெளி விட்டு, டாலர் குறியும் சுழியமும் இட்டால் பெரும்பாலும் ஷெல் தன் பெயரைச் சொல்லும். முன்னே நிற்கும் குறியும் ஒரு சாட்சி: டாலர் குறி இருந்தால் அநேகமாகப் போர்ன் வம்சம், சதவீதக் குறி இருந்தால் சி ஷெல்லோ, இசட் ஷெல்லோ, எண் குறி இருந்தால் நீங்கள் முழு அதிகாரத்தோடு உள்ளே இருக்கிறீர்கள், கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வாலிபன் தட்டிப் பார்த்தான். 'ஆர்பேஷ்' என்று வந்தது.

"நீ ஒன்றும் கெடுக்கவில்லை தம்பி. அது பழுதான இயந்திரம் அல்ல, வேலி போட்ட இயந்திரம்" என்றார் சகோதரர்.

ஆர்பேஷ் என்பது கட்டுப்படுத்தப்பட்ட பேஷ். பேஷேதான், சில காரியங்களை மாத்திரம் செய்ய மறுக்கும். அடைவு மாறக்கூடாது. கட்டளைகளைத் தேடும் பாதைப்பட்டியலை மாற்றக்கூடாது. சாய்கோடு இட்டு, பட்டியலுக்கு வெளியே இருக்கும் நிரலைப் பெயர்சொல்லி அழைக்கக்கூடாது. வெளியீட்டைக் கோப்புக்குள் திருப்பிவிடக்கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை உள்ளிருந்தே நீக்கவும் கூடாது. நிர்வாகி ஒரு சிறு அடைவில் இன்னாருக்கு இன்ன கட்டளைகள் என்று எடுத்துவைத்து, பாதைப்பட்டியலில் அந்த அடைவை மட்டும் எழுதிவிடுவார். பிறர் வீட்டில் தங்கும் விருந்தாளிக்கு ஓர் அறையும், ஒரு குடமும், ஒரு விளக்கும் தருவதுபோல.

தடை எங்கே இல்லை என்பதைத்தான் நான் அந்த இரவில் ஆச்சரியத்தோடு கற்றுக்கொண்டேன். கட்டளையின் பெயரில் சாய்கோடு வரக்கூடாதே தவிர, அந்தக் கட்டளைக்கு நாம் கொடுக்கும் கோப்பின் முகவரியில் வரலாம். நீ அந்த அடைவுக்கு நடந்துபோக முடியாது. இருந்த இடத்திலிருந்தே அங்குள்ள கோப்பைக் கூப்பிட்டு வாசிக்கலாம். வெளியீட்டைத் திருப்பத் தடை உண்டு. கோப்பிலிருந்து உள்வாங்கத் தடையில்லை. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை தரப்படாவிட்டாலும், 'எக்கோ' என்று எழுதி நட்சத்திரக் குறி இட்டால், அந்த அடைவிலுள்ள பெயர்களை ஷெல்லே விரித்துக் காட்டிவிடும். அதற்கு வேறு நிரல் ஒன்றும் வேண்டாம். 'ஹெல்ப்' என்று தட்டினால் ஷெல்லின் உள்ளேயே குடியிருக்கும் கட்டளைகள் வரிசையாக வரும். 'டைப்' என்ற கட்டளைக்குப் பின் ஒரு பெயரைக் கொடுத்தால், அது ஷெல்லுக்குள் இருப்பதா, வெளியே இருப்பதா, இல்லவே இல்லையா என்று சொல்லும். டேப் விசையை இரண்டு தரம் அழுத்தினால் கிடைக்கக்கூடிய எல்லாம் திரையில் வந்து நிற்கும். இவை பெரிய இரகசியங்கள் அல்ல. பதற்றத்தில் இருக்கிறவனுக்குத்தான் ஒன்றும் கண்ணில் படுவதில்லை.

பாதைப்பட்டியலைக் கேட்டபோது ஒரே ஓர் அடைவு காட்டப்பட்டது. அதற்குள் நான்கு கட்டளைகள்: பட்டியலிட 'எல்எஸ்', கோப்பைத் திரையில் காட்ட 'கேட்', சொல்லைத் தேட 'கிரெப்', எழுத 'விஐ'. இரண்டு மணி நேரம் இல்லாதவற்றைத் தட்டிக்கொண்டிருந்தவன், இந்த நான்கும் இருப்பதை அறியாதிருந்தான்.

"கேட்ட வேலை என்ன?" என்றார் சகோதரர். தோல்வியடைந்தவற்றை எண்ணவேண்டும். கிரெப் தேடுவது மட்டுமல்ல, எண்ணவும் செய்யும். அதற்கு ஒரே எழுத்துதான் கூடுதல். பதிவுக் கோப்பின் முழு முகவரியையும் கொடுத்தான். நொடிப்பொழுதில் எண் வந்தது. அதை எங்கே சேமிப்பது? திருப்பிவிடத் தடை இருக்கிறதே? விஐ எதற்காகத் தரப்பட்டிருக்கிறது! அதைத் திறந்து, எண்ணைத் தன் கையால் எழுதி, சேமித்து வெளியே வந்தான். விஐயிலிருந்து வெளியே வருவதற்கும் பத்து நிமிடம் ஆனது. பில் ஜாய் 1976இல் அதை எழுதத் தொடங்கினார். அன்றுமுதல் அதற்குள் அகப்பட்டு வெளியே வரத் தெரியாமல் திகைத்தவர்களில் அடியேனும் ஒருவன். எஸ்கேப் விசை, முக்காற்புள்ளி, பிறகு சேமித்து வெளியேறுவதற்கான இரண்டு எழுத்துகள், அவ்வளவுதான்.

வேலை முடிந்தபோது பன்னிரண்டரை. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லப்படவில்லை. தேவை தீர்ந்துவிட்டபடியால் கேள்வியும் தீர்ந்துவிட்டது என்று விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. "இந்த வழி கிடைக்காமல் போயிருந்தால் அந்த வழியில் போயிருக்கலாமா ஐயா?" என்றான்.

நான் போகக்கூடாது என்றேன். காரணத்தையும் சொன்னேன், ஏனென்றால் காரணம் சொல்லாத தடையை வாலிபர் மதிப்பதில்லை. மதிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. அந்த இயந்திரத்தில் பிறருடைய பணக்கணக்கு இருக்கிறது. ஒன்பது நாள் பழகியவன் கைதவறி ஒரு கோப்பை அழித்தால் அதை யார் திருப்பிக் கொடுப்பார்? வேலி அவனைச் சந்தேகித்துப் போடப்பட்டதன்று. அவன் தவறினாலும் சேதம் சிறிதாயிருக்கும்படி போடப்பட்டது. ஒருவருக்கு அவர் வேலைக்கு வேண்டிய அளவு அதிகாரம் மட்டும் தருவது இத்தொழிலில் பழைய ஒழுங்கு.

சட்டமும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதைப் பற்றிப் பேசுகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அவனுக்கு மோசடி எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நள்ளிரவில் வேலி தாண்டியவனுடைய எண்ணம் என்னவென்று மறுநாள் பதிவேட்டைப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

சகோதரர் ஓர் உண்மையை மறைக்காமல் சொன்னார். ஆர்பேஷ் உயரமான மதில் அல்ல. பகைவனைத் தடுக்க அது போதாது. சிறைக்கூடம், கொள்கலன் என்று சொல்லப்படும் வேறு ஏற்பாடுகளே பாதுகாப்பானவை என்று பேஷின் கையேடே ஒப்புக்கொள்ளுகிறது. கொடுக்கப்பட்ட நான்கு கட்டளைகளில் ஒன்றே வெளிவாசலாகிவிடக்கூடும். அந்தக் குறுக்குவழியை நான் இங்கே அச்சிடப்போவதில்லை. "வேலி தாழ்வாக இருக்கிறது என்பது நிர்வாகியின் குறை. அதை அவரிடம் சொல். தாண்டிக் காட்டித்தான் சொல்லவேண்டும் என்பதில்லை" என்றார்.

காலையில் என்ன நடந்தது என்பதைப் பின்பு சொல்லுகிறேன். இப்படிப்பட்ட திரை அலுவலகங்களில் மட்டும் வருவதன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நம் வீடுகளுக்குள்ளும் அது வந்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டு, தமிழக மாணவருக்கு இலவச மடிக்கணினிகள் தரப்பட்டன அல்லவா? தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனையோ பிள்ளைகள், இது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று லினக்ஸ் இருந்த பகுதியை அழித்தார்கள். மறுமுறை கணினியை இயக்கியபோது 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு சொற்களோடு கறுப்புத் திரை வந்து நின்றது. கணினி செத்துப்போயிற்று என்று அழுதவர்கள் உண்டு. அதைப் பழுதுபார்க்க ஆயிரம் ரூபாய் வாங்கியவர்களும் உண்டு. அதுவும் ஒரு சிறு ஷெல்தான். சாதாரணமாக அதற்குத் தெரிந்தவை நான்கே சொற்கள்: பட்டியலிடு, மதிப்பு வை, மதிப்பை நீக்கு, கூறு ஒன்றைச் சேர். லினக்ஸ் பகுதி அங்கேயே இருந்து முகவரி மட்டும் மாறியிருந்தால், இந்த நான்கைக் கொண்டே எழுப்பிவிடலாம். பகுதியே அழிந்திருந்தால் இவற்றால் ஒன்றும் ஆகாது. விண்டோஸின் மீட்பு வட்டைக் கொண்டு தொடக்கப்பதிவைச் சீர்ப்படுத்தவேண்டும். இரண்டில் எது நம் நிலை என்று அறியாமல் இரவெல்லாம் தட்டிப் பயனில்லை.

மின்சாரம் திடீரென்று நின்று, வட்டின் கணக்கு குழம்பும்போது வருவது வேறொன்று. 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல்லும், 'பிஸிபாக்ஸ்' என்ற பெயரும் தெரியும். 1990களில் புரூஸ் பெரன்ஸ், டெபியன் லினக்ஸை நிறுவும் ஒரே நெகிழ்வட்டில் எல்லாக் கருவிகளையும் அடைப்பதற்காக எழுதிய நிரல் பிஸிபாக்ஸ். நம் வீட்டு இணைய ரவுட்டர்கள் பலவற்றுக்குள் இன்றும் அதுவே இருக்கிறது. அங்கே பயப்படவேண்டாம். எந்தப் பகுதி கெட்டது என்று பெரும்பாலும் திரையிலேயே எழுதியிருக்கும். வட்டைச் சரிபார்க்கும் 'எஃப்எஸ்சிகே' கட்டளையை அந்தப் பகுதியின் பெயரோடு கொடுத்து, முடிந்தபின் 'எக்ஸிட்' என்றால், அநேகந்தரம் கணினி எழுந்து நடக்கும். எழாவிட்டால் வட்டுக்கே வயதாகிவிட்டது; படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இன்னொரு விதத்தில் இது எதிர்ப்படும். திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் காதங்கி என்ற ஊர் இருக்கிறது. தேசிய வளிமண்டல ஆய்வகம் அங்கேதான் உள்ளது. மழையையும் காற்றையும் வானத்தில் அளப்பதற்காக 1024 ஆண்டெனாக்களை ஒரே மைதானத்தில் நிறுத்திய ரேடார் அதனுடையது. 2005இல்தான் இந்தப் பெயரைப் பெற்றது. அங்கே எந்தக் கணினியில் என்ன ஒழுங்கு என்று எனக்குத் தெரிந்ததுபோல் எழுதமாட்டேன். ஆனால் வளிமண்டலத்தைப் படிக்கிற மாணவர் உலகில் எங்கிருந்தாலும் சந்திக்கிற ஒன்று, டபிள்யூ.ஆர்.எஃப். என்னும் வானிலை மாதிரி. அதை ஒரு கணினியில் கட்டியெழுப்பும் நிரல்கள் நெடுங்காலமாகச் சி ஷெல்லிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. பேஷ் மட்டும் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அங்கே பாஷை மாறிவிடுகிறது. சூழல் மாறிலியை வைக்கும் சொல் வேறு. பிழைச்செய்தியையும் வெளியீட்டையும் சேர்த்துத் திருப்ப, பேஷில் பழகிய குறிகளை இட்டால், திருப்பும் குறி தெளிவாயில்லை என்று அது கடிந்துகொள்ளும். சென்ற ஆண்டு முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு சகோதரி, வாரம் ஒன்று இதில் தொலைந்தது என்று என்னிடம் சொன்னார். தான் நிற்பது சி ஷெல் என்று தெரிந்துகொள்ள ஆறு நாள். சரிசெய்ய ஒரு நாள்.

பெரிய கணினிகளில் தடைகளும் அதிகம். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் ஐந்நூறு மீத்திறன் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2022 மே மாதம் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'பரம் பொருள்', 838 டெராஃபிளாப்ஸ் வேகமுள்ளது.  இத்தகைய இயந்திரங்களில் மாணவருக்கு முழு அதிகாரம் ஒருபோதும் தரப்படுவதில்லை. நுழைவாயிலில் நின்று, வேலையை எழுதிக் கொடுத்து, வரிசையில் காத்திருக்கவேண்டும். நுழைவாயில் கணினியிலேயே பெரிய கணக்கை ஓட்டினால் நிர்வாகி நிறுத்திவிடுவார், சரியாகவே நிறுத்துவார். அதே வாசலில் நூறுபேர் நிற்கிறார்கள். நமக்கு வேண்டிய மென்பொருளை நம் சொந்த அடைவுக்குள் நிறுவிக்கொள்ள அநேக இடங்களில் அனுமதி உண்டு. கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்படுவது நம் பிள்ளைகளிடம், விசேஷமாக முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களிடம், நான் காணும் பெரிய பலவீனம். தெரியாது என்று சொன்னால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவர்களுக்கு ஒரு பயம். அதிலிருந்துதான் குறுக்குவழி பிறக்கிறது.

இன்னும் ஒரு சிறு எச்சரிக்கை. ஷெல் பொதுவாக நாம் தட்டும் வரிகளை நினைவில் வைத்துக்கொள்ளும்; மேல்நோக்கிய அம்பு விசையை அழுத்தினால் பழைய வரிகள் வரும். கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டிவிட்டால் அதுவும் அங்கே எழுதப்பட்டுக் கிடக்கும். பிறர் அனுப்பும் வரியைப் பொருள் அறியாமல் ஒட்டி இயக்கவும் கூடாது. அந்த இரவில் அவன் கைப்பேசியில் வந்த இரண்டு வரிகளில் ஒன்றில் எழுத்துப்பிழை இருந்தது என்றார் சகோதரர்.

இனி காலையில் நடந்தது. எட்டரை மணிக்கு அறிக்கையை அனுப்பிவிட்டு, நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சலும் எழுதினான்: எனக்குத் தரப்பட்ட தொகுப்பானின் வழியாகக் கட்டுப்பாட்டைக் கடக்கமுடியும் என்று கேள்விப்பட்டேன், நான் செய்து பார்க்கவில்லை, தங்கள் கவனத்திற்கு. சொல்லிக்கொடுத்தவர் யார் என்று எழுதவில்லை. நன்றி வரும் என்று நாங்கள் மூவரும் எதிர்பார்த்தோம். வந்தது அழைப்பாணை. இருவர் உட்கார்ந்து, இதை ஏன் தேடினாய், யார் சொன்னது, எத்தனை தரம் முயன்றாய் என்று ஒன்றரை மணி நேரம் கேட்டார்களாம். இரவில் அவன் தட்டிய தடைபட்ட வரிகள் எல்லாம் அவர்கள் கையில் அச்சிடப்பட்டிருந்தன. எழுத்து மூலமான விளக்கம் ஒன்றும் வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலை அவன் மீண்டும் என்னை அழைத்தபோது, "சொல்லாமலே இருந்திருக்கலாம் ஐயா" என்றான். மறுத்துப் பேச எனக்கு வார்த்தை இல்லை. அவனுடைய தாயார் தொலைபேசியை வாங்கி, "பிள்ளையை இப்படி எழுத வைத்தது யார் பாஸ்டர்?" என்று கேட்டார்கள். நான்தான் என்றேன்.

பத்து நாள் அப்படியே சென்றது. அதன்பின் தொகுப்பானை எடுத்துவிட்டு, அதே தொகுப்பானின் கட்டுண்ட வடிவத்தை வைத்தார்கள். வெளியே ஷெல்லை அழைக்கும் வாசல் அதில் அடைபட்டிருக்கும். அந்த இரவின் பதிவில் தடைபட்ட வரிகள் முப்பதுக்குமேல் இருந்தும், தடையைத் தாண்டிய வரி ஒன்றுகூட இல்லை என்பதைத் திரும்பி வந்த மேலாளர் எடுத்துக் காட்டினாராம். விளக்கக் கடிதம் அவன் கோப்பிலேயே இருக்கிறது, அதை நீக்கவில்லை. குறுக்குவழி சொல்லிக்கொடுத்தவர் அவனோடு சில வாரம் பேசவில்லை.

வேலை நிலைத்தது. வரிகளை எண்ணுவதற்கும், வரிசைப்படுத்துவதற்கும், கோப்பின் கடைசிப் பகுதியை மட்டும் காட்டுவதற்கும் மூன்று கட்டளைகளை அவனே எழுதிக் கேட்டு வாங்கினான். இப்போது அவனுடைய அடைவில் ஏழு இருக்கின்றன. எட்டாவதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை.